நான்காம் பாடத்தில் இருந்த ஊர்

பிரான்ஸ் நாட்டில் ஒரு சின்ன விவசாய ஊர் எனக்கு அத்துப்படி. போனதில்லை. ஊருக்கு வடக்கே காடு, தெற்கே கோதுமை வயல், நடுவே ஒரு சிற்றாறு, ஆற்றின் மேல் கல்பாலம். மக்கள்தொகை இருநூற்று நாற்பது. பெரும்பாலோர் விவசாயிகள், மாடு வளர்ப்பவர்கள். ஒரு தேவாலயம், ஒரு பள்ளிக்கூடம், ஒரு ரொட்டிக்கடை. இளைஞர்கள் வேலை தேடி நகரத்துக்குப் போய்விடுகிறார்கள். இவ்வளவும் நான் மெட்ராஸில் கல்லூரியில் படித்தபோது பிரெஞ்சுப் புத்தகத்தின் நான்காம் பாடத்தில் இருந்தன. அந்த ஊரின் நில அமைப்பையும் மக்கள்தொகையையும் விவரிக்கச் சொல்லிப் பரீட்சையில் வருஷம் தவறாமல் கேள்வி வரும்.

வீட்டில் தமிழ், தெருவில் தமிழ், கல்லூரியில் மட்டும் இரண்டாம் மொழி பிரெஞ்சு. ஏன் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். மெட்ராஸ்காரர்கள் கேட்க மாட்டார்கள். தமிழ் எடுத்தால் திருத்துகிறவர் கையை இறுக்கிக்கொள்வார், பிரெஞ்சு எடுத்தால் அள்ளிக் கொடுப்பார்கள். அவ்வளவுதான் காரணம். எங்கள் வகுப்பில் அறுபது பேர் இருந்தோம், மூன்று வருஷத்தில் ஒருத்தி இன்னொருத்தியிடம் பிரெஞ்சில் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆசிரியையே கரும்பலகைக்கு வெளியே அந்த மொழியைக் கேட்டவரில்லை. அர்த்தத்துக்கு கைடு இருந்தது. நான்காம் பாடத்தை நான் கமா, முற்றுப்புள்ளியோடு நெட்டுருப் போட்டேன். கல்லூரியில் முதல் இடம் வந்தேன்.

இந்தப் பெருமையை என் கணவர் பத்திரமாக அமெரிக்காவுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். தொண்ணூறுகளின் நடுவில், நியூ ஜெர்சியில் பார்சிப்பனி என்ற ஊரில் அவருக்கு ஒரு பெரிய கம்பெனியில் வேலை. எனக்கு எச்-ஃபோர் விசா, அதாவது வேலைக்குப் போகக்கூடாது. இரண்டு படுக்கையறை அபார்ட்மென்டில் காலை எட்டு மணிக்கு அவர் கதவைச் சாத்திக்கொண்டு போனால் மாலை வரை நானும் குளிர்சாதனப் பெட்டியின் சத்தமும்தான். எம்.எஸ்ஸி. வரை படித்தவள் மைக்ரோவேவைத் துடைத்துக்கொண்டிருந்தேன். எரிச்சலாக இருக்கும், யார் மீது என்றுதான் தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரிட்ஜ்வாட்டர் கோவிலில், கீழ்த்தளத்தில் புளியோதரை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதுதான் இது ஆரம்பித்தது. எங்களுக்குப் பழக்கமான டாக்டர் ஆன்ட்டி எதிரே வந்து உட்கார்ந்தார். கோயம்புத்தூர்க்காரர், பார்சிப்பனிக்குப் பக்கத்தில் முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றில் டாக்டர்.

"ஏங்கண்ணு, உனக்கு ஃபிரெஞ்ச் தெரியுமாமா? உங்க வீட்டுக்காரர் சொன்னாரு."

"காலேஜ் ஃபர்ஸ்ட் ஆன்ட்டி அவ," என்றார் என் கணவர், என்னை வாயைத் திறக்க விடாமல்.

"எங்க ஃபெசிலிட்டில ஒரு ஃபிரெஞ்ச் லேடி இருக்குது கண்ணு. ஸ்ட்ரோக் வந்ததுல இங்கிலீஷ் சுத்தமா போயிருச்சு. ஃபிரெஞ்ச் மட்டும்தான் பேசுது, எழுத வரலை. அதைப் புரிஞ்சுக்கிட்டு கூட இருந்து பாத்துக்கிற எய்டு ஒருத்தி இருந்தா, ஹெய்ட்டிக்காரி. அவ அம்மாவுக்கு முடியலைன்னு ஊருக்குப் போயிட்டா, வர ரெண்டு மாசமாகும். நீ வாரத்துல ரெண்டு நாள் வந்து சும்மா பேசிட்டுப் போனா போதும்."

 அவர் சொன்னதில், வாரத்தில் இரண்டு நாள் போவதற்கு ஓர் இடம் என்பது மட்டும்தான் காதில் நின்றது. வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

அந்த அம்மாள் ஜன்னல் ஓரம் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சின்ன உருவம், நீல ஸ்வெட்டர், வெட்டிவிட்ட வெள்ளை முடி. விரல்கள் மட்டும் வயல்வேலை பார்த்த விரல்கள் மாதிரி தடிமனாக இருந்தன. போர் முடிந்ததும் ஓர் அமெரிக்கச் சிப்பாயைக் கல்யாணம் செய்துகொண்டு நியூ ஜெர்சிக்கு வந்தவர், கணவர் இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை என்று ஆன்ட்டி காரிடாரிலேயே சொல்லியிருந்தார். ஐம்பது வருஷம் பேசிய இங்கிலீஷ் ஒரு காலையில் போய்விட்டது.

நான் வணக்கம் சொன்னேன். அவர் முகம் மலர்ந்து ஒரு நிமிஷம் விடாமல் பேசினார். குழாயைத் திறந்துவிட்ட மாதிரி இருந்தது, அதில் ஒரு சொட்டுகூட என்னால் பிடிக்க முடியவில்லை. பேசி முடித்து பதிலுக்காக என்னைப் பார்த்தார். நர்ஸும் வாசலில் நின்று பார்த்தாள். நான் திருதிருவென விழித்தேன். அப்புறம் என் வாயிலிருந்து நான்காம் பாடம் வர ஆரம்பித்தது. ஊர் ஒரு பள்ளத்தாக்கில் இருக்கிறது. வடக்கே காடு. தெற்கே கோதுமை வயல். நிறுத்தத் தெரியாமல் மக்கள்தொகை, ரொட்டிக்கடை வரைக்கும் ஒப்பித்தேன்.

அவர் முதலில் ஆச்சரியமாகப் பார்த்தார். கல்பாலம் வந்தபோது சிரித்து, என் உச்சரிப்பைத் திருத்தினார். முடித்ததும் என் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டார். நர்ஸ் போய் எல்லோரிடமும் சொல்லிவிட்டாள்.

அன்றைக்கே ஆன்ட்டியிடம் சொல்லியிருக்கலாம். எனக்குத் தெரிந்தது ஒரு பாடம்தான், பேசினால் புரியாது என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? ஆனால் கிளம்பும்போது முன் மேஜையில் எனக்கு ஒரு பேட்ஜ் கொடுத்தார்கள். என் பெயரும் கீழே வாலன்டியர் என்றும் போட்டிருந்தது. இந்த நாட்டில் என் பெயர் மட்டும் தனியாக எழுதியிருந்த முதல் பொருள் அது. அதைக் காரில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருக்கிறது சொல்ல, ஆனால் அந்த பேட்ஜுக்காகத்தான் வாயை மூடிக்கொண்டேன்.

செவ்வாயும் வெள்ளியும் போனேன். அவர் பேசுவார், நான் 'வுய்' என்பேன். பிரெஞ்சில் ஆமாம். வருத்தமான முகத்தோடு சொன்னால் தலையைக் குனிந்து ஒரு வுய், சிரித்தால் சிரித்துக்கொண்டு ஒரு வுய். கையில் நோட்டு வைத்துக்கொண்டேன். காதில் விழுகிற சத்தங்களைத் தமிழ் எழுத்தில் குறித்துக்கொண்டு போய் வீட்டில் அகராதியைப் பார்ப்பதாகத் திட்டம். சத்தத்தை வைத்துக்கொண்டு பிரெஞ்சு அகராதியில் ஒரு வார்த்தையைக்கூடக் கண்டுபிடிக்க முடியாது என்பது இரண்டே நாளில் தெரிந்துவிட்டது. இருந்தாலும் நோட்டை விடவில்லை. எழுதுகிற மாதிரி இருந்தால் பார்ப்பவர்களுக்கு மரியாதையாகத் தெரியும் இல்லையா.

இரண்டாவது வாரம் ஒரு போட்டோவைக் காட்டினார். ஒரு பசு மாட்டுக்கு இரண்டு பக்கமும் இரண்டு பெண்கள். ஒருத்தி இவர்தான் என்று தெரிந்தது. இன்னொருத்தியைத் தொட்டுத்தொட்டு ஏதோ சொன்னார். அப்புறம் நிதானமாக, ஒவ்வொரு வாக்கியமாகப் பேசினார். ஒரு வாக்கியம் சொல்வார், நிறுத்துவார், என் நோட்டைப் பார்ப்பார், நான் தலையை ஆட்டியதும் அடுத்ததைச் சொல்வார். பழைய கதை சொல்கிறார் என்று நினைத்தேன். எனக்காக மெதுவாகப் பேசுகிறாரே என்று நன்றியாகக்கூட இருந்தது. இரண்டு நாள் அப்படிச் சொன்னார். முடித்ததும் மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு பழைய உறையை எடுத்து என் கையில் வைத்து மூடினார். உள்ளே ஒன்றுமில்லை. பின்பக்கம் நீல மசியில் ஏதோ எழுதியிருந்தது, பாதி அழிந்திருந்தது.

வயதானவர் ஒருவர் தன் கையால் கொடுத்தால் என்ன செய்வோம்? இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். எதற்கு, என்ன என்று கேட்பது மரியாதை இல்லை. வீட்டுக்கு வந்து சமையலறை அலமாரியில், சாமி படங்களுக்குப் பக்கத்தில் வைத்தேன். வெள்ளிக்கிழமை படங்களுக்குக் குங்குமம் வைத்தபோது அதன் மூலையிலும் ஒரு பொட்டு வைத்தேன். அப்புறம் வந்த வெள்ளிக்கிழமைகளிலும் வைத்தேன்.

மூன்றாவது வாரத்திலிருந்து அவர் என்னைப் பார்த்ததும் ஒரே கேள்வியைக் கேட்க ஆரம்பித்தார். கேள்வி என்பது குரலில் தெரிந்தது. வுய் என்பேன். முகம் பிரகாசமாகி, கையை நீட்டுவார். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொள்வேன். கொஞ்ச நேரம் பிடித்திருந்துவிட்டு மெல்ல எடுத்துக்கொள்வார். ஏழாவது வாரத்தில் கையை நீட்டுவதை விட்டுவிட்டார். சாப்பாடும் குறைந்துவிட்டது என்று நர்ஸ் சொன்னாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை நான் போனபோது ஹெய்ட்டிப் பெண் திரும்பி வந்திருந்தாள். என் வயதுதான் இருக்கும். அந்த அம்மாளின் காலடியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தவள் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து கையைக் குலுக்கினாள். நீங்கள் எவ்வளவு நல்லவர் என்றாள் இங்கிலீஷில். இவர் அக்காவுக்கு நீங்கள் கடிதம் எழுதிப் போட்டீர்களாமே, ஐம்பது வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தவர்கள். வீட்டில் சொல்லாமல் சிப்பாயோடு கிளம்பி வந்தவர் இவர், அக்காவிடம்கூடச் சொல்லவில்லை. உயிரோடு இருக்கிறாளா என்றுகூடத் தெரியாது. பதில் வந்ததா என்று கேட்கிறார்.

அந்த அம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அலமாரியில் குங்குமப் பொட்டோடு இருக்கும் உறை என் கண் முன்னால் வந்தது. நீல மசியில் எழுதியிருந்தது விலாசம்.

"நேற்றுதான் வந்தது, வீட்டில் இருக்கிறது, வெள்ளிக்கிழமை கொண்டுவருகிறேன்," என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். மாட்டிக்கொண்ட திருடன் கையில் கிடைத்ததை எடுத்து வீசுவான், அதுதான். அவள் மொழிபெயர்த்துச் சொன்னதும் அந்த அம்மாள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

வீட்டில் கணவரிடம் சொன்னேன்.

"விடு, பாவம், வயசானவங்க. ஏதாவது படிச்சுக் காட்டு, ஹாப்பியா இருப்பாங்க," என்றார். "அவங்களுக்கு என்ன தெரியப் போவுது?"

"எனக்குத்தாங்க ஒண்ணும் தெரியாது. அவங்களுக்குத் தெரியும்," என்று கத்தினேன். ஆனால் அவர் சொன்னதைத்தான் செய்தேன். அதுதான் கொடுமை.

வெள்ளிக்கிழமை ஹெய்ட்டிப் பெண்ணுக்கு விடுமுறை நாள். அது தெரிந்துதான் வெள்ளிக்கிழமை என்று சொன்னேனோ என்னவோ. ஒரு வெள்ளைத் தாளை மூன்றாக மடித்து எடுத்துக்கொண்டு போனேன். அந்த அம்மாள் தலை வாரி, காதில் சின்னத் தோடு போட்டுத் தயாராக இருந்தார். நான் தாளை விரித்து, நான்காம் பாடத்தைப் படித்தேன். ஊர் என்ற இடத்தில் நம் ஊர் என்று மாற்றிக்கொண்டேன், எனக்குத் தெரிந்த இலக்கணம் அவ்வளவுதான். நம் ஊர் ஒரு பள்ளத்தாக்கில் இருக்கிறது. வடக்கே காடு.

மூன்றாவது வரியிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. முதல் நாள் கேட்டதுதானே, கல்பாலத்தைத் திருத்திக் கொடுத்ததே அவர்தானே. முகத்திலிருந்த வெளிச்சம் இறங்குவதைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே படித்தேன், நிறுத்தினால் என்ன செய்வது என்று தெரியவில்லை. மக்கள்தொகை இருநூற்று நாற்பது என்ற இடத்தில் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். போட்டோவை எடுத்து அக்காவின் மீது விரலை வைத்துச் சின்னதாக ஒரு கேள்வி கேட்டார். அத்தனை வாரத்தில் அவர் பேசி எனக்குப் புரிந்த ஒரே வாக்கியம் அது. அந்த இருநூற்று நாற்பது பேரில் இவள் இருக்கிறாளா?

வுய் என்றேன்.

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கோபம் இல்லை. 'மெர்சி' என்று நன்றி சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கார் நிறுத்துமிடத்தில் யாரோ பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். நான் தாளை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

சனி, ஞாயிறு எப்படிப் போயிற்று என்று நினைவில்லை. திங்கட்கிழமை காலை உறையை எடுத்துக்கொண்டு போய் ஹெய்ட்டிப் பெண்ணிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நெட்டுரு, பேட்ஜ், நோட்டு, பொட்டு, வெள்ளைத் தாள், ஒன்றையும் விடவில்லை. அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். உறையின் மூலையிலிருந்த சிவப்பைக் கட்டை விரலால் தேய்த்துப் பார்த்தாள். இது என்ன என்று கேட்டாள். நாங்கள் சாமிக்கு வைப்பது என்றேன். அவள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அந்த அம்மாளிடம் போய் உட்கார்ந்தாள்.

இந்தத் தடவை அவரால் அதிகம் பேச முடியவில்லை. முன்பு இரண்டு நாள் சொன்ன கடிதம் நாலு வரியாகச் சுருங்கிவிட்டது. சொல்லாமல் போனதற்கு மன்னித்துக்கொள். நீ இருக்கிறாயா? ஊரில் யார் யார் இருக்கிறார்கள்? நான் இருக்கிறேன். அன்றே தபாலாபீஸுக்குப் போய் நானே என் கையால் போட்டேன். பொட்டில்லாத புது உறை, முகப்பில் அழிந்த இடங்களை அவரிடமே கேட்டு நிரப்பிய விலாசம், அனுப்புநர் இடத்தில் என் வீட்டு விலாசம்.

பதினோராவது நாள் அந்த அம்மாள் இறந்துபோனார். ஆன்ட்டிதான் போனில் சொன்னார். "நீ இருந்ததால அவங்களுக்குக் கடைசியில எவ்வளவு ஆறுதல் கண்ணு," என்றார்.  போனை வைத்துவிட்டுச் சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதேன்.

பதினெட்டாவது நாள் பதில் வந்தது. என் தபால் பெட்டியில், பிட்ஸா விளம்பரங்களுக்கு நடுவில். நான் பிரிக்கவில்லை. நேராக ஹெய்ட்டிப் பெண்ணிடம் கொண்டுபோனேன். காலியாகிவிட்ட அந்த அறைக்கு வெளியே, காரிடாரில் நின்றபடி அவள் இங்கிலீஷில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

'நான் இருக்கிறேன். அதே வீட்டில்தான். ஊரில் இப்போது முப்பத்தொரு பேர். பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். ரொட்டிக்கடை இல்லை, வாரத்துக்கு இரண்டு நாள் வண்டியில் கொண்டுவருகிறார்கள். ஆறு பாதியாக வற்றிவிட்டது. காடு மட்டும் வளர்ந்து நம் வயல் வரைக்கும் வந்துவிட்டது. நீ கிளம்பிப் போன வருஷம் கோபமாக இருந்தேன். அதற்கடுத்த வருஷமே கோபம் போய்விட்டது, ஆனால் உன் விலாசம் யாரிடமும் இல்லை. ஜனத்தொகைக் கணக்கு எடுக்க வருகிறவனிடம் ஒவ்வொரு தடவையும் இந்த வீட்டில் இரண்டு பேர் என்று சொல்லுவேன். அவன் ஒன்று என்று எழுதிக்கொண்டு போவான். சீக்கிரம் எழுது.'

அவள் கடிதத்தை மடித்தாள். இரண்டு பேரும் ஒரே கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தோம். போய்ப் பதில் வரப் பதினெட்டு நாள். அந்த அம்மாள் முதல் தடவை சொன்னது ஒன்பது வாரத்துக்கு முன்னால்.

"நான் பதில் எழுத மாட்டேன், நீங்களே எழுத வேண்டும்," என்றாள். கடுமையாகச் சொல்லவில்லை. கடிதத்தை என் கையில் கொடுத்துவிட்டு அடுத்த அறைக்கு வேலைக்குப் போனாள். நான் முன் மேஜையில் பேட்ஜைக் கழற்றி வைத்துவிட்டு வந்தேன்.

எழுத ஒன்பது நாள் ஆயிற்று. மேஜையில் அகராதி, பழைய இலக்கணப் புத்தகம், பக்கத்தில் அந்த போட்டோ. போட்டோவை ஹெய்ட்டிப் பெண்ணிடம் கேட்டிருந்தேன், அக்காவுக்கு அனுப்புவதற்காக எடுத்துக் கொடுத்தாள். உங்கள் தங்கை இறந்துவிட்டார் என்பதற்கு எந்த வினை வர வேண்டும் என்று ஒரு மாலை முழுவதும் தேடினேன். அவர் உங்களைப் பற்றிக் கேட்டார், கடைசியில் தோடு போட்டுக்கொண்டு காத்திருந்தார், தாமதத்துக்கு நான்தான் காரணம், இப்படி ஒவ்வொரு வாக்கியமாக, ஒவ்வொரு வார்த்தையாகத் தேடித் தேடி எழுதினேன்.

முதல் வரிக்கு மட்டும் அகராதியைத் திறக்கவில்லை. 'எனக்கு பிரெஞ்சு தெரியாது' என்று எழுதினேன். அது முதல் பாடத்திலேயே இருந்த வாக்கியம்.